பெங்களூரில் உருவான படச்சுவடிகள்

பெங்களூர் லால்பாக் தோட்டத்தினுள் ஒரு குன்று இருக்கிறது. குன்று என்பதைவிடப் பெரும்பாறை என்பதே பொருந்தும். அப்பாறையின் வயது ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுகள் என்று நிலவியல் அறிஞர் கணித்திருக்கின்றனர். அதன் உச்சியில் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கிறது; தாழ்வில், மரங்களுக்கிடையே, ஏரி பரந்து கிடக்கிறது. விடுமுறை நாட்களின் காலை வேளையில் அங்கே செல்பவர், படம் எடுக்காமல் நிற்கும் ஒருவரைக் காண்பது அரிது. முன்பு காமிரா வைத்திருந்தவர் சிலரே. இன்று கைத்தொலைபேசி உள்ள அனைவரும் புகைப்படக்காரர்களே.

இத்தகைய மலைகளையும் ஏரிகளையும் பூங்காக்களையும் பற்றிய வண்ணப் படநூல்கள் புத்தகக் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டுகிறோம், பனி மூடிய முகடும் அசையாத நீரும் மலர்ப் பாத்திகளும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. பிறகு மூடி வைத்துவிடுகிறோம். அழகைக் காட்டுவதோடு இந்நூல்களின் பயன் முடிந்துவிடுகிறதா? நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவர் அவற்றைத் திறந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? இவ்வினாவுக்கு விடை காணத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. இந்தியாவின் பழமையான புகைப்படச் சுவடிகளுள் சில, இதே பெங்களூரில்தான் உருவாயின. அவற்றின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

காமிரா வருவதற்கு முன்பே நம் மலைகள் படநூல்களில் இடம்பெற்றுவிட்டன. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாவது மைசூர்ப் போரின்போது ஆங்கிலப் படையுடன் வந்த கோல்புரூக், ஆலன் முதலிய அதிகாரிகளும், ராபர்ட் ஹோம் என்னும் ஓவியரும், தாங்கள் கண்ட மலைக்கோட்டைகளை வரைந்து சென்றனர். 1793, 1794-ஆம் ஆண்டுகளில் அச்சித்திரங்கள் லண்டனில் நூல்களாக வெளிவந்தன. 1792-ல் தென்னாட்டில் பயணம் செய்த டேனியல் என்னும் ஓவியர் இருவரும், சிறிய தகப்பனும் மகனுமாக, அதே பாதையில் பல குன்றுகளைத் தீட்டினர். அவை அழகிய படங்களே. எனினும் ஓவியனுக்கு ஓர் உரிமை உண்டு. காட்சி நிறைவு பெற வேண்டும் என்று அவன் கருதினால், இல்லாத மரம் ஒன்றை முன்னால் நட்டுவிடலாம். மலையைச் சற்றே உயர்த்தியும் விடலாம். அந்த உரிமையைப் பெரும்பாலும் பறித்துக்கொண்டது காமிரா. 1839-ல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை, வெகு விரைவில் இந்தியாவையும் வந்தடைந்தது.

பெங்களூரில் அக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை இராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையைப் பயின்றார். 1854-ல் காப்டன் பதவியில் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் டாக்டர் நீல் என்பவருடன் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குச் சென்று படங்கள் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்களுக்கு முதல்தரப் பதக்கம் கிடைத்தது. இராணுவ அதிகாரி ஒருவரின் பொழுதுபோக்கு, அரசாங்கத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

அவ்வாண்டிலேயே கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு, பர்மா மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். 1852-ல் நடந்த போரில் பெகு மாகாணத்தைக் கம்பெனி கைப்பற்றியிருந்தது. அதை ஒப்புக்கொண்டு மன்னர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்பதே தூதின் உள்நோக்கம். ஆர்தர் ஃபேயர் தலைவர், ஹென்றி யூல் செயலாளர், கோல்ஸ்வர்தி கிராண்ட் ஓவியர், ட்ரைப் புகைப்படக்காரர். மிண்டோன் விருந்தினரை மரியாதையோடு வரவேற்றார், ஆனால் கையெழுத்திடவில்லை. அரசியல் அளவில் தூது வெறுங்கையோடு திரும்பியது. படங்களோ நிறைந்து வந்தன.

அன்று பர்மாவின் தலைநகர் அமரபுரம். தவுங்தமன் என்னும் ஏரியின் கரையில் அமைந்த நகரம் அது. மழைக்காலத்தில் ஏரி பெருகி வயல்களை மூடிவிடும், கோடையில் சுருங்கிவிடும். அதன் குறுக்கே ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள தேக்கு மரப்பாலம் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஊ பெய்ன் பாலம் என்று இன்று உலகம் அறிந்திருப்பது அதுவே. ட்ரைப் அந்த ஏரியைப் படம் எடுத்தார். மரப்பாலத்தின் வட முனைக்கு அருகே வீற்றிருந்த மாபெரும் புத்தர் சிலையையும், மடாலயங்களையும், சாலைகளையும் எடுத்தார். போகும் வழியில் பகான் நகரத்துப் பழங்கோயில்களையும் விடவில்லை.

அந்நாளில் படம் எடுப்பது இன்றுபோல் விரலால் ஒரு பொத்தானைத் தொடும் வேலையன்று. உயர்ந்த ரகத் தாளை உருகிய மெழுகில் தோய்த்து, அயோடைட் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பின்னர் இருளறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டால் அது ஒளியை உணரும் தன்மை பெறும். அத்தாளைப் பெரிய மரக்காமிராவில் பொருத்தி, நிமிஷக் கணக்கில் ஒளி விழச் செய்ய வேண்டும். அதன் பிறகு காலிக் அமிலத்தில் உருவம் தோன்றும். ஹைப்போ கரைசலில் அது நிலைபெறும். இவ்வாறு கிடைத்த தாள் நெகடிவின்மீது வேறொரு தாளை வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுப்பார்கள். நெகடிவ் எவ்வளவு பெரியதோ படமும் அவ்வளவே பெரியது. ஆதலால் ட்ரைப்பின் காமிரா பத்து அங்குலத்துக்குப் பதினான்கு அங்குலம் அளவுள்ள தாளை ஏற்கக்கூடியதாக இருந்தது. இத்தனை பாத்திரங்களும் புட்டிகளும் சுமைகூலிகளின் தலையிலும் வண்டிகளிலும் சென்றன. மெழுகுத் தாளைச் சில நாட்களுக்கு முன்பே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் பயணிக்கு ஆறுதல். பர்மாவிலோ மழையும் ஈரமும் நோயும் வேறு அவரை வாட்டின.

பெங்களூருக்குத் திரும்பியதும் நெகடிவ்களுள் 120-ஐத் தேர்ந்து, ஐம்பது தொகுதிகள் தயாரிக்கத் தொடங்கினார். ஆறாயிரம் படங்கள்! ஒவ்வொன்றும் தனித்தனியே இந்நகரத்து வெயிலில் பிறந்தது. லால்பாக் தோட்டத்தை அரசாங்கம் தாவரவியல் தோட்டமாக ஏற்றதும் அதே 1856-ஆம் ஆண்டில்தான். ஒருபுறம் நாட்டின் செடிகொடிகளுக்குப் பெயரிட்டு ஒழுங்குபடுத்தும் முயற்சி. மறுபுறம் நாட்டின் கட்டடங்களையும் காட்சிகளையும் வரிசைப்படுத்தும் முயற்சி. இரண்டும் ஒரே காலத்தின் குழந்தைகள்.

அந்தப் படங்களில் இருந்த அமரபுரம் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1857-ல் மிண்டோன் மண்டலேயில் புதிய தலைநகரை நிறுவினார். பழைய நகரத்து மர மாளிகைகள் பிரிக்கப்பட்டு அங்கே எடுத்துச் செல்லப்பட்டன. தலைநகர் அமரபுரம் எவ்வாறு இருந்தது என்று இன்று ஒருவர் காண விரும்பினால், பெங்களூரில் வெயில் காய்ந்த அந்தத் தாள்களைத்தான் நாட வேண்டும். 2025 மார்ச் 28-ல் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் மண்டலே, அமரபுரம் பகுதிகளின் பழங்கட்டடங்களைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய அழிவுகளுக்குப் பின்னர் ஒரு பழைய படம் பெறும் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பர்மாப் படங்களைக் கண்ட சென்னை அரசாங்கம், ட்ரைப்பைத் தன் புகைப்பட அதிகாரியாக அமர்த்திக்கொண்டது. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சியின் தீ இன்னும் அணையாத காலம் அது. முதலில் ராயக்கோட்டை, மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் கணவாயைக் காத்து நின்ற மலைக்கோட்டை. அம்மலையின் உச்சியில் காமிராவை நிறுத்திச் சுற்றிலும் விரிந்த நிலத்தைப் படம் எடுத்தார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பயணம் நீண்டது. 1858-ல் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிச் சுவடிகள் வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள். இப்பணியில் அவருக்கு உதவிய ஐயாசாமி என்பவர், பிற்காலத்தில் சென்னைக் கைத்தொழிற் கலைப்பள்ளியில் புகைப்படக் கலையைக் கற்பித்தார். கலை இவ்வாறு நம்மவர் கைக்கும் வந்தது.

தஞ்சையில் அவர் செய்த ஒரு செயல் குறிப்பிடத்தக்கது. பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை வரிசையாக 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே நெடும் படமாக ஆக்கினார். ஏறத்தாழ 19 அடி நீளம். அழகிய காட்சி தேடுபவன் எடுக்கும் படமல்ல இது. அவ்வெழுத்துகளின் பொருள் அன்று அரசாங்கத்துக்குத் தெரியாது. பெரிய கோயிலை எழுப்பியவர் யார் என்பதிலேயே அறிஞருக்குள் தெளிவு இல்லாத காலம். பல்லாண்டுகள் கழித்து, ஹூல்ட்ஸ் முதலியோர் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பின்னரே முதலாம் ராஜராஜனின் புகழ் ஐயமற நிலைநாட்டப்பட்டது. தனக்குப் பொருள் விளங்காத ஒன்றையும், பின்னே வருபவனுக்கு விளங்கக்கூடும் என்று எண்ணிப் பொறுமையோடு பதிவு செய்வதுதான் ஆவணம் தருபவனின் கடமை. அதை ட்ரைப் அறிந்திருந்தார்.

மதுரைச் சுவடியில் திருமலை நாயக்கர் மகாலைச் சிதைந்த நிலையில் காண்கிறோம். நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததற்கு முந்தைய தோற்றம் அது. யானைமலையின் படமும் உண்டு. வைகையாற்றுத் தாம்போதி வழியே மதுரையை நோக்கும் படமும் உண்டு. அந்த வைகைப் படத்தின்முன் நாம் சற்று நிற்க வேண்டும். அப்படத்தில் உள்ள ஆறு, பெரியாற்று நீரை அறியாத வைகை. ஆற்றைக் கடக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-ல்தான் வந்தது. மேற்கு மலையில் பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் முடிந்து, மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது. படம் எடுக்கப்பட்டதற்கும் அந்த நீர் வந்ததற்கும் இடையே 37 ஆண்டுகள். ஓர் ஆற்றின் வாழ்க்கையே மாறியதற்கு முன்னைய சாட்சி அப்படம்.

அந்த அணையின் பின்னால் தேங்கிய நீரே தேக்கடியின் பெரியாறு ஏரி. 1934-ல் திருவாங்கூர் அரசு அதனைச் சுற்றியுள்ள காட்டை விலங்குகளின் புகலிடமாக்கியது. இன்று அது தேசியப் பூங்காவும் புலிகள் காப்பகமும் ஆகும். மலைசூழ்ந்த ஏரிப் பூங்கா என்றதும் தென்னாட்டவர் நினைவுக்கு வருவது தேக்கடியே. அதைப் பற்றிய படநூல் எதைத் திறந்தாலும் நீரிலிருந்து கரிய மரத்தண்டுகள் துருத்தி நிற்கும் காட்சி காணப்படும். படத்துக்கு அது மிக்க அழகு தருகிறது. ஆனால் அத்தண்டுகள் யாவை? அணை எழுந்தபோது மூழ்கிப்போன காட்டின் எச்சங்கள் அவை. இந்த ஒரு வரியைப் படத்தின் கீழே எழுதினால் அது வரலாறு. எழுதாவிட்டால் வெறும் அலங்காரம். வாசகன் அழகைக் கண்டு மகிழ்வான். மூழ்கிய காட்டையும் அதனால் விளைந்த மதுரை வயல்களையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடுவான்.

ட்ரைப்பின் பணி முழுமை பெறவில்லை. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவலியன், இத்துறை மிகுந்த ஆடம்பரம் என்றும், அரசாங்கத்தின் அன்றைய நிதிநிலைக்கு ஒவ்வாதது என்றும் கருதி அதனை நிறுத்திவிட்டார். புரட்சிக்குப் பின்னர்க் கருவூலம் வறண்டிருந்தது உண்மையே. வறுமையும் வரியும் வாட்டும் நாட்டில் கோயில் படங்களுக்குச் செலவிடலாமா என்று ஆட்சியாளர் ஒருவர் கேட்பதைத் தவறென்று எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், பணத்தை எண்ணிய கவர்னர் காலத்தை எண்ணவில்லை. பின்னொரு நாள் செலவிட வசதி ஏற்படலாம். அன்று படம் எடுக்க அந்த நகரமும் அந்த ஆறும் அவ்வாறே காத்திருக்குமா? அமரபுரம் காத்திருக்கவில்லை. காமிராவோடு நெருங்கிய தொடர்பை அதன்பின் இழந்த ட்ரைப், இராணுவப் பணியைத் தொடர்ந்து, 1902-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரும் காட்சிசாலைகளில் அவர் படங்கள் வைக்கப்பட்டபோது, ஆடம்பரம் எனப்பட்டவை அரும்பொருள்கள் ஆகிவிட்டிருந்தன.

இப்படங்களைப் புகழும்போது அவற்றின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அவற்றில் மக்கள் மிக அரியர். சந்தையும் திருவிழாவும் நிறைந்த மதுரைத் தெருக்கள் ஆளரவமற்றுக் காண்கின்றன. நீண்ட நேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால், நடப்பவரும் ஓடுபவரும் தாளில் பதியாமல் மறைந்தனர் என்பது ஒரு காரணம். கட்டடத்தையும் கல்லையும் காட்டுவதே அரசாங்கத்தின் நோக்கம் என்பது மற்றொரு காரணம். மேலும், அக்காலத்துத் தாளில் வானம் வெறுமையாகவே விழும் என்பதால், ட்ரைப் சில நெகடிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களை வருவித்தார். ஆகவே அவருடைய கல்லையும் எழுத்தையும் நம்பலாம். வானத்தை மட்டும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். காமிரா பொய் சொல்லாது என்பார்கள். காமிரா சொல்லாமல் விடுவது பல. அதை வைத்திருப்பவன் சேர்ப்பது சில. படநூலை வாசிப்பவன் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

மீண்டும் பெங்களூருக்கு வருவோம். இந்நகரம் ஏரிகளால் வளர்ந்த நகரம். வற்றாத ஆறு ஏதும் அருகில் இல்லாத மேட்டுநிலத்தில், முன்னோர் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு வாய்க்கால் வழியே நீர் சென்றது. அவற்றுள் பல இன்று பெயரளவில்கூட நினைக்கப்படுவதில்லை. தர்மாம்புதி ஏரி பரந்திருந்த இடத்தில் இன்று கெம்பே கௌடர் பேருந்து நிலையம் இருக்கிறது; சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. எஞ்சிய பெரிய ஏரிகளுள் ஒன்றான பெல்லந்தூர், கழிவு நுரை பொங்கியும் தீப்பற்றியும் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. லால்பாக் ஏரி தோட்டத்தின் அணைப்பில் தப்பி நிற்கிறது.

ஆதலால் மலையையும் ஏரியையும் படம் எடுக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுப்பது பொருத்தமாகும். சூரியோதயத்தின் பொன்னிறத்தை எடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஏரிக்கரையையும் மதகையும் நீர் வரும் வாய்க்காலையும் சேர்த்து எடுங்கள். அங்கே துணி துவைப்பவரையும் மீன் பிடிப்பவரையும், அவர்கள் இசைவோடு, விட்டுவிடாமல் எடுங்கள். கழிவுநீர் கலக்கும் மூலையையும் எடுங்கள். அது அழகாக இராது, ஆனால் ஒருநாள் அதுவே வழக்குக்கும் திருத்தத்துக்கும் சான்றாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இடம், எந்த நாள், எந்தத் திசை நோக்கி என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதி வையுங்கள். ட்ரைப் தம் படங்களுக்கு எண்ணும் பெயரும் இட்டதனால்தான் இன்று நம்மால் அந்த ஏரியையும் பாலத்தையும் அடையாளம் காண முடிகிறது.

வீடுகளில் பெட்டிகளில் கிடக்கும் பழைய படங்களுக்கும் இது பொருந்தும். தாத்தாவும் பாட்டியும் எங்கோ ஓர் ஏரிக்கரையில் நிற்கும் மங்கிய படம் ஒன்று பலர் வீட்டில் இருக்கும். அது எந்த ஏரி என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைப்பது நல்லது. படம் அவர்களுக்குப் பின்னும் இருக்கும். கேட்டால் பெயர் சொல்ல அன்று எவரும் இருக்கமாட்டார்.